ஒரே தெரு, இரண்டு குழுக்கள்

எங்கள் தெருப் பெண்களை நான் ஒரு காலத்தில் வெறுத்தேன். சொல்லக் கூசுகிறது. ஆனாலும் அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. என் மாமியார் படுக்கையில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் அவர்கள். களையெடுக்க என்னோடு நிரை பிடித்தவர்கள். என் மகளுக்குக் காது குத்தியபோது தட்டு தூக்கி வந்தவர்கள். அப்படிப்பட்டவர்களின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல், தண்ணீர் எடுக்கக்கூட அடுத்த தெருக் குழாய்க்குப் போன நாட்கள் எனக்கு உண்டு.

அதே பெண்கள்தான் என்னைக் கைதூக்கியும் விட்டார்கள். இடையில் யாருக்கும் மனசு திருந்திவிடவில்லை. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. வியாழக்கிழமை காலையில் என் திண்ணையில் உட்கார்ந்து என்னை அழவைத்த அதே ஆட்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேறொரு குழுவாகக் கூடியபோது எனக்கு வழி கண்டுபிடித்தார்கள். அந்த ஒரு நாளுக்குள் என்ன மாறியது என்பது விளங்க எனக்குப் பல வருஷங்கள் பிடித்தன. ஒருவர் நல்லவரா கெட்டவரா என்று பார்ப்பதற்கு முன்னால், அவர் எந்த விதிகளுக்குள் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். இதுதான் என் வாழ்க்கை எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

எனக்குப் பிறந்த வீடு செந்துறைப் பக்கம். புகுந்த வீடு பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டாரத்தில் ஒரு கரிசல்காட்டு ஊர். பெரம்பலூரும் அரியலூரும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. 2007 நவம்பரில் அரியலூர் தனி மாவட்டமானது. எங்களுக்கு அதனால் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. இந்தப் பக்கத்து ஆண்கள் அந்தப் பக்கம் சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டப் போவார்கள். அந்தப் பக்கத்துப் பெண்கள் இந்தப் பக்கம் பருத்தி எடுக்க வருவார்கள். என் வீட்டுக்காரரும் டிப்பர் லாரி ஓட்டினார். வீட்டில் மானாவாரி நிலம் கொஞ்சம் இருந்தது. ஒரு வருஷம் பருத்தி, ஒரு வருஷம் மக்காச்சோளம்.

மானாவாரிக் காட்டில் பணம் வருஷத்துக்கு ஒருமுறைதான் கைக்கு வரும். புரட்டாசியில் விதைத்தால் தை, மாசியில்தான் மூட்டை பார்க்கலாம். ஆனால் ரேஷன், பள்ளிக்கூடச் செலவு, சீர், காய்ச்சல் எல்லாம் வாரத்துக்கு வாரம் வரும். வருஷத்துக்கு ஒருமுறை வரும் பணத்துக்கும் வாரந்தோறும் வரும் செலவுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில்தான் எங்கள் ஊர்களில் கடன் குடியிருக்கிறது. முன்பு அது கந்துவட்டியாகவும் அடகுக் கடையாகவும் இருந்தது. பிறகு குழுவாக வந்தது.

முதலில் வந்தது மகளிர் சுய உதவிக் குழு. தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அரசு இதைத் தொடங்கியது. 1992-இல் நபார்டு வங்கி நாடு முழுவதும் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தை ஆரம்பித்தது. 1997-98-இலிருந்து 'மகளிர் திட்டம்' என்ற பெயரில் இந்தக் குழு முறை படிப்படியாகத் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களுக்கும் வந்தது. 12 முதல் 20 பெண்கள் சேர்ந்து வாராவாரம் கூட வேண்டும். ஆளுக்கு ஒரே தொகை சேமிக்க வேண்டும். சேர்ந்த பணத்தைத் தங்களுக்குள்ளேயே உள்கடனாகக் கொடுத்து வாங்க வேண்டும். வட்டியும் குழுவுக்கே வரும். ஒழுங்காக நடந்தால் வங்கி கடன் கொடுக்கும். எங்கள் குழு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கன்வாடி முன்னால் கூடும். தீர்மான நோட்டு, ரொக்க ஏடு, பேரேடு மூன்றும் நடுவில் இருக்கும். என்ன எழுதினாலும், குழுவை நடத்தும் ஊக்குநர் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும்.

இரண்டாவதாக வந்ததை எங்கள் ஊரில் 'பைனான்ஸ் குழு' என்பார்கள். ஐந்து பெண்கள் ஒரு குழு, நாலைந்து குழுக்கள் சேர்ந்தால் ஒரு சென்டர். ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, போட்டோ, வீட்டுக்காரர் கையெழுத்து, அவ்வளவுதான். நிலப் பத்திரம் வேண்டாம், நகை வேண்டாம், பத்து நாளில் கையில் பணம். அடமானமாக வைத்தது எங்களை நாங்களே. ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் கட்ட வேண்டும். வியாழக்கிழமை விடியற்காலையில் சென்டர் தலைவி வீட்டு வாசலில் பாய் விரித்து உட்காருவோம். உறுதிமொழி சொல்வோம். வசூலுக்கு வரும் தம்பி பணத்தை எண்ணி அட்டையில் வரவு வைப்பார். முழுத் தொகையும் சேரும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது.

இரண்டு குழுக்களிலும் ஏறக்குறைய அதே முகங்கள்தான். அந்தத் தெருவில் இருப்பதே அவ்வளவு பேர்தான்.

2018-இல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தது. அந்த வருஷம் மே மாதம் கர்நாடகத்தின் ஷிவமொக்காவில் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட புழு, ஐப்பசிக்குள் எங்கள் காட்டுக்கு வந்துவிட்டது. மக்காச்சோளத்தில் மாநிலத்திலேயே முன்னணியில் இருக்கும் பெரம்பலூர், அரியலூர் பக்கங்களில் அதுவரை யாரும் அந்தப் புழுவைப் பார்த்ததில்லை. குருத்தைப் பிரித்தால் உள்ளே புழுவும் அதன் எச்சமும் இருக்கும். மருந்து அடித்தோம். மருந்து குருத்துக்குள் இறங்கவில்லை. இரண்டாம் முறை அடிக்கப் பணமில்லை. அறுப்புக்கு முன்பே தெரிந்துவிட்டது, போட்ட முதல்கூடத் திரும்பாது என்று. அரசு பிறகு நிவாரணம் அறிவித்தது. ஆனால் தவணை அதுவரை காத்திருக்காது.

ஒரு வியாழக்கிழமை என்னிடம் பணம் இல்லை. வசூல் தம்பி என்னைத் திட்டவில்லை. மற்றவர்களைப் பார்த்து, "நீங்களே பேசி முடிங்கக்கா, எனக்கு அடுத்த ஊருக்குப் போகணும்" என்றார். அவ்வளவுதான் அவர் செய்தது. மீதியை என் சனங்களே செய்தார்கள். ஒருத்தி என் கழுத்தைப் பார்த்தாள். ஒருத்தி, "போன வாரம் வளையக்காரன்கிட்ட வாங்குனியே, அதுக்குக் காசு இருந்துச்சா?" என்று கேட்டாள். அடுத்த வாரமும் முடியாமல் நான் சென்டருக்குப் போகாமல் இருந்தபோது, எல்லோருமாக எழுந்து என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டார்கள். சமைக்க விடவில்லை, வேலைக்குப் போக விடவில்லை. என் மகள் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போன விதம் எனக்குள் இன்னும் கிடக்கிறது. தெருவே பார்த்தது.

அன்று அவர்களைப் பற்றி நான் நினைத்ததையெல்லாம் எழுத முடியாது. பணத்துக்காக எதுவும் செய்வார்கள், இத்தனை நாள் பழகியதெல்லாம் வேஷம் என்று நினைத்தேன். அவர்கள் என்னைப் பற்றி நினைத்ததும் இதேதான் என்று பிறகு சொன்னார்கள். கையில் வைத்துக்கொண்டே கட்டாமல் ஏமாற்றுகிறாள், எங்கள் பிள்ளைகள் வயிற்றில் அடிக்கிறாள் என்று.

மனிதர்கள் பல நேரம் அடுத்தவர் செய்கையைப் பார்க்கும்போது அதற்கு அவருடைய குணத்தைக் காரணமாகச் சொல்கிறார்கள். தங்கள் செய்கைக்குச் சூழ்நிலையைக் காரணம் சொல்கிறார்கள். சமூக உளவியல் இதைப் பல பத்தாண்டுகளாகப் பேசிவருகிறது. நான் கட்டாததற்குக் காரணம் புழு என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு என் கெட்ட குணம்தான் தெரிந்தது. அவர்கள் திண்ணைக்கு வந்ததற்குக் காரணம் தங்கள் தலையில் விழும் தவணை என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கு அவர்களுடைய கெட்ட குணம்தான் தெரிந்தது. புழு தின்றது ஒரே காட்டை, தவணை வந்தது ஒரே நிறுவனத்திலிருந்து. ஆனாலும் எங்கள் கோபம் பக்கத்து வீட்டோடு நின்றுவிட்டது.

வீட்டுக்குள்ளும் இதேதான் நடந்தது. கடன் வாங்கியது வீட்டுக்காரருக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டவர் அவர். ஆனால் தவணை நின்றுபோனதை நான் சொல்லவில்லை. ராத்திரி முழுக்க லாரி ஓட்டிவிட்டு வருகிற ஆளிடம் வாசல்படியில் வைத்து எப்படிச் சொல்வது என்று இருந்தேன். அவரும் என்னிடம் ஒன்றைச் சொல்லாமல் இருந்தார். மருந்துச் செலவுக்காக லாரி முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தார், அதற்காகச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பயந்துவிடுவேன் என்று அவர் மறைத்தார், அவர் உடைந்துவிடுவார் என்று நான் மறைத்தேன். மகளும் திண்ணையில் நடந்ததை அப்பாவிடம் சொல்லவில்லை. ஒரே கூரைக்குக் கீழே மூன்று பேர், மூன்று பேருக்கும் விஷயம் பாதிப் பாதி தெரியும், மற்றவருக்குத் தெரியாது என்று ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டு சோறு சாப்பிட்டோம். இதில் அன்புக்குக் குறைவில்லை. அன்பினால்தான் வாயைக் கட்டிக்கொண்டோம். ஆனால் அந்த மௌனத்தில் ஒவ்வொருவரும் தனியாகிப் போனோம்.

திண்ணைச் சம்பவத்துக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. மகளிர் குழுவிலிருந்து விலகிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். என் சேமிப்பைக் கொடுத்துவிட்டால் அதைத் தவணையில் கட்டிவிட்டு, இந்தப் பெண்களின் சங்காத்தமே வேண்டாம் என்று இருந்துவிடலாம். "என் கணக்க முடிச்சுக் குடுங்க, நான் நின்னுக்கிறேன்" என்றேன்.

ஊக்குநர் அக்கா தீர்மான நோட்டைத் திறந்தார். "விலகுறதுன்னா காரணத்த எழுதணும். எழுதுறத எல்லாரும் கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போடணும். சொல்லு" என்றார். அவர் இரக்கப்பட்டுக் கேட்டதாக நான் நினைக்கவில்லை. நோட்டில் அந்த வரியை நிரப்ப வேண்டியிருந்தது, கேட்டார். அந்த வியாழக்கிழமைகளில் ஒரு தடவைகூட யாரும் என்னிடம் காரணம் கேட்கவில்லை. தவணை அட்டையில் காரணம் எழுத இடம் கிடையாது.

சொன்னேன். காடு போனது, மருந்துக் கடன், வீட்டில் சொல்லாதது எல்லாம். முடித்ததும் யாரும் பேசவில்லை. முந்தின நாள் என் திண்ணையில் முன்வரிசையில் இருந்தவர் ஒரு வயதான அம்மா, எனக்குச் சின்னம்மா முறை. அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "நான் போன வாரம் கட்டுனது எங்கிட்ட இருந்த காசில்ல. தோட்டக் கழட்டி வச்சுத்தான் கட்டுனேன்" என்றார். காதில் குச்சி செருகியிருந்தார். அதுவரை நாங்கள் யாருமே அதைக் கவனிக்கவில்லை.

அவர் சொன்ன பிறகு அடுத்தவள் சொன்னாள், நாள்வட்டிக்கு வாங்கி வாரத் தவணை கட்டுவதாக. அதற்கடுத்தவள் ஆட்டை விற்றிருந்தாள். ஒருத்தி மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பணத்தை மருமகளுக்குத் தெரியாமல் எடுத்திருந்தாள். சுற்றி வந்தபோது தெரிந்தது, சொந்தப் பணத்தில் தவணை கட்டியவர்கள் எங்களில் மிகச் சிலர்தான். மற்ற எல்லோரும் என் நிலைக்கு வர இன்னும் ஒன்றிரண்டு வாரமே பாக்கி. ஆனால் 'மற்றவர்கள் எல்லோரும் சமாளிக்கிறார்கள், எனக்குத்தான் வக்கில்லை' என்று ஒவ்வொருத்தியும் நம்பியிருந்தாள். அந்த வெட்கத்தை மறைக்கத்தான் என் திண்ணையில் அவ்வளவு சத்தமாகப் பேசியிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் நாங்கள் செய்தவை சிறியவை. யாருக்கு நெருக்கடி அதிகம் என்று வரிசை எழுதினோம். குழுவில் இருந்த பணத்தில் அந்த வரிசைப்படி உள்கடன் கொடுத்தோம், சின்னம்மாவின் தோட்டை மீட்கவும் சேர்த்து. இனிமேல் ஒருத்தி வீட்டுத் திண்ணைக்கு மற்றவர்கள் வசூலுக்குப் போவதில்லை என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அடுத்த வியாழக்கிழமை எல்லோரும் சேர்ந்து, காடு தேறும்வரை பாதித் தவணைதான் கட்ட முடியும் என்று சொன்னோம். தனியாகச் சொன்னபோது காதில் விழாதது, சேர்ந்து சொன்னபோது விழுந்தது. மேலாளர் வந்து பேசினார், ஒத்துக்கொண்டார். நாளடைவில் நானும் எல்லாக் கடனையும் கட்டி முடித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை இரவே வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன். குழுவில் சொன்ன பிறகு வீட்டில் சொல்வது எளிதாக இருந்தது. அவரும் முன்பணத்தைப் பற்றிச் சொன்னார். அதற்குப் பின் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நோட்டை வைத்துக்கொண்டு வரவு, செலவு, கடன், பயம் எல்லாவற்றையும் ஆளாளுக்குச் சொல்லுவோம். மகள் முதலில் சொல்வாள், ஏனென்றால் நாங்கள் பேசிவிட்டால் அவள் பேசமாட்டாள்.

அந்த இரண்டு நாட்களில் நடந்தது எனக்குள் விதையாக விழுந்தது. பிறகு அஞ்சல்வழியில் பட்டம் படித்தேன். குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கும் சமுதாய வளப் பயிற்றுநராக இரண்டு மாவட்டங்களிலும் ஊர் ஊராகப் போனேன். ஆலத்தூர், வேப்பூர், திருமானூர், ஆண்டிமடம் என்று போன இடமெல்லாம் அந்த வியாழனையும் வெள்ளியையும் பார்த்தேன். படித்த புத்தகங்களிலும் அவற்றைப் பார்த்தேன்.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் அமெரிக்காவில் செய்த சோதனை ஒன்று உண்டு. ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு மூன்றில் எது என்று கேட்பார். கண்ணுள்ள யாரும் சரியாகச் சொல்லலாம். ஆனால் அறையில் இருக்கும் மற்றவர்கள், அவரோடு முன்பே பேசி வைத்துக்கொண்டவர்கள், ஒரே குரலில் தப்பான கோட்டைக் காட்டும்போது, உண்மையில் சோதிக்கப்பட்டவரும் ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை தப்பையே சொன்னார். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் மட்டும் சரியான விடையைச் சொன்னபோது, தப்புக்குத் தலையாட்டுவது கால் பங்காகக் குறைந்துவிட்டது. பத்துப் பேர் வேண்டாம், ஒருவர் போதும். சின்னம்மா தன் தோட்டைப் பற்றிச் சொன்னபோது எங்கள் நடுவில் அந்த ஒருவராக இருந்தார். அவருக்கு ஆஷைத் தெரியாது. ஆனால் முதலில் வாயைத் திறப்பவருக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

குர்ட் லெவின் செய்த ஆராய்ச்சி எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அமெரிக்கக் குடும்பப் பெண்களை சிறுநீரகம், இதயம் போன்ற, அவர்கள் ஒதுக்கி வைத்திருந்த இறைச்சியைச் சமைக்க வைக்க வேண்டியிருந்தது. ஒரு பகுதியினருக்கு நல்ல சொற்பொழிவு கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினரைச் சின்னக் குழுக்களாக உட்காரவைத்து, தங்களுக்குள் பேசி, தாங்களே முடிவெடுக்கச் சொன்னார்கள். சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதம் பேர்தான் சமைத்தார்கள். பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதம் பேர் சமைத்தார்கள். பயிற்சி என்ற பெயரில் மைக்கைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவதை நான் விட்டது இதைப் படித்த பிறகுதான்.

'ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர் கட்ட வேண்டும் என்ற பயம் இல்லாவிட்டால் யார் கட்டுவார்கள்?' என்று நிதி நிறுவனத்தார் கேட்பார்கள். பிலிப்பைன்ஸில் சேவியர் கினே, டீன் கார்லன் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு வங்கியின் குழுக்களில் சிலவற்றில் கூட்டுப் பொறுப்பை எடுத்துவிட்டு, வாராந்திரக் கூட்டத்தை மட்டும் அப்படியே வைத்தார்கள். தவணை தவறுவது அதனால் கூடவில்லை. கொல்கத்தாவில் ஃபைகன்பெர்க், எரிகா ஃபீல்ட், ரோகிணி பாண்டே மூவரும் சில குழுக்களை வாரம் ஒருமுறையும் சிலவற்றை மாதம் ஒருமுறையும் கூடச் செய்தார்கள். வாராவாரம் கூடியவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக ஆரம்பித்தார்கள், குடும்பத்தை அறிந்துகொண்டார்கள். அடுத்த கடனில் அவர்களில் தவணை தவறியவர்கள் வெகு குறைவு. இந்த முறையை உலகுக்குக் காட்டிய வங்கதேசத்துக் கிராமீன் வங்கியே பிறகு கூட்டுப் பொறுப்பைத் தளர்த்திக்கொண்டது. கடன் திரும்பி வருவது பழக்கத்தாலும் நம்பிக்கையாலும் என்பதை இவை எனக்கு உறுதிப்படுத்தின. திண்ணையில் உட்கார்ந்து அழவைப்பதால் வருவது ஒரு வாரத் தவணைதான். அதற்கு விலையாகப் போவது ஒரு தெருவின் உறவு.

மகளிர் குழு என்றால் எல்லாம் சரி என்று நான் சொல்லமாட்டேன். நான் பார்த்த ஊர்களில் குழுக்கள் பெரும்பாலும் தெருவாரியாகத்தான் அமைந்தன. எங்கள் ஊர்களில் தெரு என்றால் சாதி. மிகவும் ஏழையான பெண்ணை, 'அவளால சேமிக்க முடியாது' என்று சொல்லி வெளியே நிறுத்திய குழுக்களைப் பார்த்திருக்கிறேன். யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவரே வாசலில் நிற்பார். நோட்டும் வங்கிப் புத்தகமும் ஒரே ஆள் வீட்டில் வருஷக்கணக்கில் இருக்கும் குழுக்களும் உண்டு. அங்கே வெள்ளிக்கிழமையும் வியாழக்கிழமையாகிவிடும். நல்ல பெயர் வைத்துக்கொண்டதால் ஒரு குழு நல்லதாகிவிடாது.

ஆகவே நான் போகும் குழுக்களில் சில பழக்கங்களைக் கேட்டு வாங்குவேன். கூட்டம் தொடங்கியதும் பணத்தை எண்ணுவதற்கு முன்னால், ஒவ்வொருவரும் அந்த வாரம் வீட்டில் எப்படி என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். தலைவி கடைசியில்தான் பேச வேண்டும். அவர் முதலில் பேசினால் மற்றவர்கள் அவரையே திருப்பிச் சொல்லிவிட்டுப் போவார்கள். தீர்மானத்துக்குக் கையெழுத்து வாங்கும் முன், 'இது சரியில்லன்னு தோணுற ஒருத்தராவது சொல்லுங்க' என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டுச் சும்மா காத்திருக்க வேண்டும். கட்ட முடியாதவர் கூட்டத்துக்கு முன்பே சொல்லிவிட்டால், அதை நோட்டில் 'தவறியது' என்று எழுதாமல் 'தள்ளி வைத்தது' என்று எழுத வேண்டும். பொறுப்புகள் மாறி மாறி வர வேண்டும். இவற்றில் எதற்கும் பணச் செலவு இல்லை. இவற்றைப் பிடித்துக்கொண்ட குழுக்கள் சண்டையில்லாமல் நடப்பதையும், விட்ட குழுக்கள் உடைவதையும் என் கண்ணால் பார்த்துவருகிறேன்.

சட்டமும் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் பக்கம் வந்திருக்கிறது. 2022 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, வருஷ வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு அடமானமில்லாமல் கொடுப்பது நுண்கடன். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது. மிரட்டவோ, உறவினரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யவோ கூடாது. 2025-இல் தமிழ்நாடு சட்டமன்றம், கடன் வசூலில் கட்டாயப்படுத்துவதைத் தண்டிக்கத் தனிச் சட்டமே இயற்றியது. விடியற்காலையில் பாயில் உட்காரவைக்கப்படும் பெண்களில் இதெல்லாம் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. இதைப் படிக்கும் நீங்கள் உங்கள் தெருவில் ஒருவருக்காவது சொல்லுங்கள்.

ஆனால் எந்தச் சட்டமும் ஒரு தெருவுக்குள் வந்து உட்கார்ந்து, 'காரணத்தைச் சொல்' என்று கேட்காது. அதை நாம்தான் கேட்க வேண்டும். குடும்பமோ, மகளிர் குழுவோ, அலுவலகமோ, கோயில் கமிட்டியோ, எதுவானாலும் அதன் தரத்தைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அங்கே முடியாதவர் 'முடியவில்லை' என்று சொல்லிவிட்டு மரியாதையோடு உட்கார்ந்திருக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிகிறது என்றால் அங்கே இருப்பவர்கள் சாதாரண மனிதர்களாக இருந்தாலும் ஒருவருக்கொருவர் துணையாக இருப்பார்கள். முடியாது என்றால், எவ்வளவு நல்லவர்களைக் கொண்டுபோய் உட்காரவைத்தாலும் ஒருவரை ஒருவர் கடித்துக்கொள்வார்கள்.

உங்கள் குழுவில் அடுத்த வாரம் ஒருத்தி பணமில்லாமல் வந்தால், 'எவ்வளவு குறையுது' என்று கேட்பதற்கு முன்னால் 'என்ன ஆச்சு' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு இடமில்லாத குழுவில் யார் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.